இரண்டும் இடது கை

சட்டைக் கை இரண்டும் இடது கையாக இருந்தது.

அவர் ஒன்றை இன்னொன்றின் மேல் வைத்துப் பார்த்தார். துணியின் நல்ல பக்கம் மேலே இருக்க, முன் வளைவு இரண்டிலும் ஒரே பக்கம் விழுந்தது. துணியை மடித்து வெட்டினால் இடதும் வலதும் தானாக வந்துவிடும். ஒற்றையாக விரித்து வெட்டினால் இரண்டாவது கைக்கு அளவு அட்டையைத் திருப்பிப் போட வேண்டும். மறந்தால் இப்படித்தான். தொழில் பழகுகிறவர்கள் செய்து திட்டு வாங்குகிற தப்பு.

வெட்டியவள் அவர் மனைவி.

அந்தத் தையல் கடையில் அவள்தான் மாஸ்டர். அவள் வெட்டுவாள், அவர் தைப்பார். புதிதாக வருகிறவர்கள் மீசையைப் பார்த்துவிட்டு அவரிடம் போய், "மாஸ்டர், அளவெடுக்கணும்" என்பார்கள்.

"நான் வெறும் மிஷினுங்க. மாஸ்டர் அங்க நிக்கறாங்க."

கல்யாணமான புதிதில் அவளை அப்படிக் கேலியாகக் கூப்பிட ஆரம்பித்தது. பிறகு வீட்டிலும் அதுவே பெயராகிவிட்டது.

"மாஸ்டர், இங்க கொஞ்சம் வா."

வந்து பார்த்தாள்.

"ரெண்டும் இடது கை" என்றார்.

அவள் துணியைத் திருப்பினாள். மறுபடி திருப்பினாள். "இதைப் போடப்போறவருக்கு வலது கை இல்லையோ என்னமோ" என்று சிரித்தாள். அவரும் சிரித்தார். பிறகு சர்க்கரை டப்பாவை எடுக்கப் போனார்.

அவளுக்கு நெடுங்காலமாகச் சர்க்கரை வியாதி. ஊசி போட்டுக்கொண்டு நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் ரத்தத்தில் சர்க்கரை தடாலென்று இறங்கிவிடும். நூலை ஊசி என்பாள். கண் எங்கேயோ நிற்கும். ஒரு கரண்டி சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்தால் கொஞ்ச நேரத்தில் முகம் தெளியும்.

"எங்க போயிருந்த?" என்பார்.

"பக்கத்துலதான்" என்பாள்.

இப்போது கரண்டியில் சர்க்கரையை எடுத்து வைத்துவிட்டு, அவள் விரலில் குத்திப் பார்த்தார். நம்பர் சரியாக இருந்தது. வேறு விரலில் குத்தினார். அதுவும் சரி. கரண்டியைத் திரும்ப டப்பாவில் கவிழ்த்தார்.

டாக்டர் மூளைப் படத்தை வெளிச்சத்தில் மாட்டினார். "இந்த வெள்ளைப் புள்ளிங்க தெரியுதா? பல வருஷச் சர்க்கரையில நுண்ணிய ரத்தக் குழாய்ங்க கெட்டிருக்கு. ரத்தம் சரியாப் போகாத இடம் இதெல்லாம். மூளையும் கொஞ்சம் சுருங்கியிருக்கு."

"நனைக்காம வெட்டின துணி மாதிரியா?" என்று அவள் கேட்டாள்.

டாக்டருக்குப் புரியவில்லை.

"வெட்டறதுக்கு முன்னாடி நனைச்சிடணும், டாக்டர். இல்லன்னா அப்புறம் சுருங்கும். அப்போ ஒண்ணும் செய்ய முடியாது."

டாக்டர் சிரித்துவிட்டு, உடனே நிறுத்திக்கொண்டார்.

"திரும்ப வராதா?" என்று இவர் கேட்டார்.

"இருக்கறதக் காப்பாத்தப் பார்க்கலாம். சர்க்கரை, பிரஷர் ரெண்டையும் கட்டுக்குள்ள வைங்க. போனது வராது."

வீட்டுக்கு நடந்து வரும்போது அவள் சொன்னாள். "என்ன வேணா செய்யுங்க. கத்தரிய மட்டும் எங்கிட்டேருந்து வாங்கிடாதீங்க."

"நான் எதுக்கு வாங்கப் போறேன். எனக்கு நேராத் தைக்கத்தான் தெரியும்."

"அதுவும் நான் கோடு போட்டாத்தான்."

அவர் கத்தரியை வாங்கவில்லை. வேளைக்குச் சாப்பாடு, வேளைக்கு ஊசி, சாயங்காலம் நடை. எல்லாம் கடிகாரம் மாதிரி நடந்தது. அவள் வெட்டி வைத்ததை அவள் குளிக்கப் போனபோது விரித்துப் பார்ப்பார். கெட்டதை ஒளித்துவிட்டு அதே துணியைக் கடை கடையாகத் தேடி வாங்கி வந்து போடுவார். அவள் மறுபடி வெட்டுவாள். முதல் தடவை வெட்டியது அவளுக்கு நினைவிருக்காது. சில நாள் கத்தி மாதிரி வெட்டுவாள், ஒரு நூல் பிசகாது. அந்த நாட்களில் அவர் மிஷினில் பாடிக்கொண்டே தைப்பார். அதுதான் அவரை அதிகம் ஏமாற்றியது.

ஒரு காலையில் துணிப் பையோடு ஒருவர் வந்தார். அவள் மேஜையருகே கத்தரியோடு நின்றிருந்தாள். மிஷினில் அவள் கணவர் நூல் கோத்துக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர் இருக்காருங்களா?"

அவள் திரும்பி மிஷினைப் பார்த்தாள்.

"உங்களத்தான் கேக்கறாங்க, மாஸ்டர்."

அவள் சிரிப்பதற்காக அவர் காத்திருந்தார். நல்ல கேலிதான். சிரித்தால் போதும். வந்தவரும் அவரைப் பார்த்து நின்றார்.

அவள் சிரிக்கவில்லை. கத்தரியின் பிடியை அவர் பக்கம் திருப்பி, மரியாதையாக நீட்டினாள்.

எழுந்து வாங்கிக்கொண்டார். கனமாக இருந்தது. இத்தனை வருஷத்தில் அதை அவர் சாணை பிடிக்கத் தூக்கிப் போனதுண்டு, துணியில் வைத்ததில்லை.

"எங்க போயிருந்த?" என்று தணிந்த குரலில் கேட்டார்.

"யாரு, நானா?" என்றாள்.

சர்க்கரை டப்பா கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவர் அதை எடுக்கவில்லை. சற்றுமுன்தான் குத்திப் பார்த்திருந்தார்; நம்பர் சரியாக இருந்தது.

வந்தவர் துணியை மேஜையில் விரித்தார். அவள் துணி கொண்டுவந்தவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். இருவரும் மாஸ்டரைப் பார்த்தார்கள்.