தேடாமல் இறங்குவது

மாசாணம் நீச்சல் குளத்தின் அடியில் போய் உட்கார்ந்து இரண்டு நிமிடத்துக்கு மேலாகியும் ஒரு குமிழிகூட மேலே வரவில்லை. முதுகில் காற்று சிலிண்டர் இருந்தது, வாயில் குழாய் இருந்தது. ஆனாலும் அவர் மூச்சு விடவில்லை. கூடப் பயிற்சிக்கு வந்திருந்தவர்கள் கரையில் நின்று கைதட்டினார்கள். பயிற்சி கொடுத்த லின்சிக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. தானே இறங்கிப்போய் அவர் தோளைத் தட்டி மேலே கூட்டிவந்தாள்.

"சார், வாய்ல காத்து வருதுல்ல? அப்பறம் எதுக்கு மூச்ச அடக்கறீங்க?"

"பழக்கமுங்க."

"அந்தப் பழக்கத்த உட்டுப்போடுங்க. மேல இருந்து புடிச்சுட்டுப் போற மூச்சு வேற. ஆழத்துல இழுக்கற மூச்சு வேற. அத அடக்கி வெச்சுட்டு மேல ஏறுனீங்கன்னா உள்ள இருக்கற காத்து விரிஞ்சு நுரையீரலக் கிழிச்சுப்போடும். வேற எத மறந்தாலும் பரவால்ல, மூச்சு மட்டும் நிக்கவே கூடாது."

லின்சி போத்தனூர்க்காரி. அப்பா ரயில்வேயில் இருந்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயம்புத்தூரில் நீச்சல் குளத்தில் சொல்லிக்கொடுத்து, தேறியவர்களை வருஷத்தில் இரண்டு தடவை அந்தமானுக்கு அழைத்துப் போவாள். கரையில் தங்கி, தீவுக்குத் தீவு கப்பலில் மாறி, அங்கங்கே கடலுக்குள் இறங்கி ஏறும் பத்து நாள் பயணம். மாசாணத்தையும் அவர் மகள் இனியாவையும் அதற்குத்தான் தயார் செய்துகொண்டிருந்தாள்.

பழக்கம் என்று அவர் சொன்னது முப்பத்தோரு வருஷப் பழக்கம். உடுமலைப்பேட்டை தீயணைப்பு நிலையத்தில் மாசாணம் முன்னணித் தீயணைப்பாளர். தீயை அணைத்ததைவிடத் தண்ணீரில் இறங்கியதுதான் அதிகம். கிணறு, கல்லுக்குழி, பாசன வாய்க்கால் எங்கே ஆள் விழுந்தாலும் இடுப்பில் கயிற்றைக் கட்டி, மூச்சை அடக்கி இறங்குகிறவர் அவர். அடியில் சேறு கலங்கிக் கிடக்கும். கண்ணைத் திறந்தாலும் ஒன்றுதான், மூடினாலும் ஒன்றுதான். கையால் தடவிக்கொண்டே போவார். துணி தட்டுப்படும், அல்லது முடி. பிடித்துக்கொண்டு கயிற்றை மூன்று தடவை இழுப்பார். மேலே இருப்பவர்கள் தூக்குவார்கள்.

போன ஆடியில் வாய்க்காலில் இருந்து ஒரு பள்ளிக்கூடத்துப் பையனை அப்படித்தான் எடுத்தார். கரையில் நின்ற யாரோ அதைக் கைப்பேசியில் பிடித்துப் பரப்பிவிட்டார்கள். சரவணம்பட்டியில் மென்பொருள் கம்பெனியில் வேலை பார்க்கும் இனியா, மதியச் சாப்பாட்டின்போது அதைப் பார்த்தாள். பையனைக் கரையில் கிடத்திவிட்டு அவள் அப்பா ஓரமாகப் போய்க் குந்தி, கையை மண்ணில் தேய்த்துத் தேய்த்துத் துடைத்துக்கொண்டிருந்தார். அன்று அவள் வீட்டுக்குப் பேசியபோது அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு வாரம் கழித்து வந்து சொன்னாள்.

"அப்பா, நீங்க ஒருதாட்டியாவது தண்ணிக்குள்ள சும்மா போகோணும். எதையும் எடுக்கப் போகாம, சும்மா."

"சும்மா போயி என்ன பண்றது சாமி?"

"மீன் பாக்கறது."

மீன் சந்தையிலேயே இருக்கிறதே என்றார் மாசாணம். ஆனால் அவர் மனைவி சாந்தாமணி அடுத்த நாளே பெட்டியைத் தூசி தட்டி வைத்துவிட்டாள். "நானும் வாரேன். தண்ணியில எறங்க மாட்டேன், கரையில உக்காந்துக்கறேன்" என்றாள்.

மார்கழியில் கிளம்பினார்கள். முதல் தீவு நீல். கரையில் இருந்து இருபதடி தள்ளி, பாக்குமரங்களுக்கு நடுவில் தங்கும் குடில். சாந்தாமணி வந்து சேர்ந்த ஒரு மணி நேரத்தில் குடில் வைத்திருந்த அம்மாவோடு ராசியாகி, ஒருவர் மொழி ஒருவருக்குத் தெரியாமலே பருப்புப் பொடி கொடுத்துக் கருவாடு வாங்கிவிட்டாள். மாசாணத்துக்குத்தான் உட்கார முடியவில்லை. கடற்கரையில் நடந்துகொண்டே இருந்தார். குளிக்கிறவர்களை எண்ணினார். பதினேழு பேர். ஒரு சுற்று நடந்து வந்து மறுபடி எண்ணினார். பதினாறு. ஒருவன் இளநீர்க் கடையில் நின்றிருந்ததைப் பார்த்த பிறகுதான் அடுத்த அடி எடுத்து வைத்தார். நிலையத்தில் தன் இடத்தைப் பார்த்துக்கொள்ளும் நஞ்சுண்டனுக்கு ஒரே நாளில் நான்கு தடவை பேசினார்.

"ஒண்ணுமில்லீங்கண்ணா. நீங்க அனுபவிச்சுட்டு வாங்க" என்று நஞ்சுண்டன் நான்காம் தடவை சலித்துக்கொண்டான். சாந்தாமணி கைப்பேசியைப் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

முதல் நாள் படகில் இருந்து இறங்கினார்கள். பத்து மீட்டர் ஆழம். கண்ணாடிக்குள் பார்ப்பதுபோல் எல்லாம் தெரிந்தது. நீலமாக நீண்ட வெளிச்சம், மேசை மேசையாகப் பவளம், மஞ்சள் கோடு போட்ட மீன் கூட்டம். இனியா ஒவ்வொன்றாகச் சுட்டிக் காட்டினாள். மாசாணத்துக்கு அந்தத் தெளிவு தாங்கவில்லை. தண்ணீருக்குள் கண்ணால் என்ன செய்வது என்றே அவருக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் தன்னை அறியாமல் கண்ணை மூடிக்கொண்டார். மூடியதும் கை வேலையைத் தொடங்கிவிட்டது. மணலைத் தடவி, பாறைக்கு அடியில் நுழைந்து துழாவியது. லின்சி பாய்ந்து வந்து மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள்.

படகில் ஏறியதும் சத்தம் போட்டாள். "சார், அந்தப் பாறைக்கடியில முள்ளு மீன் இருக்குது. குத்துனா ஆஸ்பத்திரிக்குத்தான் போகோணும். கையக் கட்டிட்டு நீந்துங்க."

"என்னப்பா தேடுனீங்க?" என்று இனியா மெதுவாகக் கேட்டாள்.

"ஒண்ணுமில்ல கண்ணு."

மறுநாள் கையை மார்போடு கட்டிக்கொண்டுதான் இறங்கினார். கால் மணி நேரம் ஒழுங்காகப் போனது. ஒரு பெரிய பவளத் திட்டை லின்சியும் அவரும் இந்தப் பக்கமாகச் சுற்ற, இனியா அந்தப் பக்கமாகச் சுற்றினாள். மாசாணம் திரும்பிப் பார்த்தபோது மகள் இல்லை.

சில நொடிதான். ஆனால் அந்த நொடியில் அவர் மூச்சு நின்றது. திட்டைச் சுற்றிப் பாய்ந்தார். இனியா ஒரு பொந்துக்கு முன்னால், உள்ளே இருந்த இறாலைப் பார்த்தபடி அசையாமல் மிதந்துகொண்டிருந்தாள். அவளுடைய முடி மட்டும் மேலெழுந்து ஆடியது. மாசாணம் பின்னால் இருந்து அந்த முடியைக் கொத்தாகப் பிடித்தார், இன்னொரு கையை அக்குளில் கொடுத்தார், காலை உதைத்து நேராக மேலே கிளம்பினார். இனியா திமிறினாள். அவள் வாயில் இருந்த குழாய் கழன்றது. லின்சி வந்து அவர் காலைப் பிடித்துத் தொங்கி, அவருடைய மிதவை உடுப்பில் இருந்த காற்றைத் திறந்துவிட்டு, குழாயை மகளின் வாயில் திருப்பிச் செருகி, அவர் முகத்துக்கு நேரே தன் முகத்தை வைத்து, மூச்சு விடு, மூச்சு விடு என்று கையால் காட்டினாள். அவர் வாயில் இருந்து ஒரு பெரிய குமிழி வெடித்து வந்தது. மூன்று பேரும் மெதுவாக மேலே வந்தார்கள்.

இனியா படகில் ஏறினாள். துண்டைப் போர்த்திக்கொண்டு கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தவள் சட்டென்று திரும்பினாள்.

"நான் என்ன பொணமாப்பா?"

மாசாணம் உள்ளங்கையைப் படகின் பலகையில் தேய்த்தார்.

"நாளைக்கு நீங்க எறங்க வேண்டாமுங்க சார்" என்றாள் லின்சி. அவள் குரலில் கோபம் இல்லை. "ஒரு நாள் ஒடம்பு ஓயட்டும்."

அன்று மத்தியானம் ஹேவ்லாக் தீவுக்குப் போகும் கப்பல். உள்ளே ஏ.சி. இரைந்தது. சாந்தாமணி ஜன்னலோரம் தூங்கிவிட்டாள். இனியா இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்தாள். மாசாணம் எழுந்தார், உட்கார்ந்தார், கழிவறை வரை நடந்தார், உயிர்காப்பு உடுப்புகள் எங்கே இருக்கின்றன என்று பார்த்து வந்தார். கடைசியில் மகள் பக்கத்தில் போய் நின்றார்.

"உக்காருங்கப்பா. எல்லாரும் உங்களையே பாக்கறாங்க."

உட்கார்ந்தார். முன்சீட்டின் முதுகைப் பார்த்தபடியே பேசினார்.

"சேதி வந்து, வண்டி எடுத்து, நாங்க போய்ச் சேர எப்படியும் அரை மணி நேரம் ஆயிருமில்ல சாமி. அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருக்கும். முப்பத்தோரு வருஷத்துல ஒருத்தரையும் நானு உசுரோட தண்ணிக்குள்ள பாத்ததில்ல. நீ அப்படி அசையாம நிக்கவும்..." திரும்பி அவள் தலையைப் பார்த்தார். "முடியப் புடிச்சது தப்புத்தான். வலிக்குதா?"

"வலிக்குதுப்பா" என்றாள் இனியா. பொய் சொல்லவில்லை. ஆனால் தலையை அவர் தோளில் சாய்த்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "இத்தன வருஷத்துல இத ஏன் ஒருதாட்டிகூட சொல்லல?" என்றாள்.

"ஊட்டுல சோறு திங்கறப்ப சொல்ற பேச்சா இது?"

ஹேவ்லாக்கில் கரையில் இருந்தே நடந்து இறங்கும் இடம் ஒன்று இருந்தது. நீச்சல் தெரியாதவர்களையும் ஆளுக்கு ஒரு பயிற்சியாளர் துணையோடு கூட்டிப்போவார்கள். மறுநாள் காலை எல்லாரும் அங்கே போய் நின்றபோது, சாந்தாமணி புடவைக்குப் பதில் மகளுடைய பேன்ட்டும் சட்டையும் போட்டுக்கொண்டு வந்தாள். தாலியைச் சட்டைக்குள் ஊக்கால் குத்தியிருந்தாள்.

"ஏனுங்க, நான் எறங்கிப் பாக்கறேன்."

"உனக்குப் பைத்தியமா? நீச்சல் தெரியுமா உனக்கு?"

"லின்சி கண்ணு கூட வருது. டாக்டர் சீட்டு ஊருலயே வாங்கியாச்சு. உங்கள மாதிரி எனக்குப் பழக்கதோசம் ஒண்ணும் இல்ல, மூச்சு உடச் சொன்னா உட்டுட்டுப் போறேன்."

லின்சி சிலிண்டரைப் பிடித்துக்கொள்ள, இனியா அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்ள, மூவரும் இடுப்பளவு தண்ணீரில் நடந்து, கழுத்தளவுக்குப் போய், மறைந்தார்கள். மாசாணம் கரையில் நின்றார்.

கரையில் நிற்பது அவருக்குப் புதிது. குமிழி வருகிறதா என்று பார்த்தார். வந்தது. பிறகு அலை அடித்தது, தெரியவில்லை. முழங்கால் தண்ணீர் வரை போனார். திரும்பி வந்தார். வெறும் ஐந்து மீட்டர் ஆழம், பக்கத்தில் ஆள் இருக்கிறது, ஒன்றும் ஆகாது என்று அவருக்கே நன்றாகத் தெரியும். தெரிந்தும் பிரயோசனமில்லை. பக்கத்தில் குடை வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தவனிடம், "எவ்வளவு நேரமாச்சுங்க?" என்று தமிழில் கேட்டார். அவன் கைக்கடிகாரத்தைக் காட்டினான். ஒன்பது நிமிடம்.

வாய்க்கால் கரையில் நின்றவர்கள் அப்போதுதான் அவருக்கு ஒவ்வொருவராக நினைவுக்கு வந்தார்கள். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு தகப்பன். "கண்டீங்களா, கண்டீங்களா" என்று அவர் தலை மேலே வரும்போதெல்லாம் கேட்ட ஒரு பெண். கத்தாதீங்கம்மா, வேலை செய்ய உடுங்க என்று அவளை அவர் அதட்டியிருக்கிறார். தேடுகிறவனுக்காவது கையில் வேலை இருக்கிறது. நிற்கிறவர்களுக்கு அதுவும் கிடையாது. இது ஏன் இவ்வளவு நாளும் தனக்குத் தோன்றவில்லை என்று அவருக்கு ஆத்திரமாக வந்தது, யார் மேல் என்று தெரியாத ஆத்திரம்.

முப்பதாவது நிமிடத்தில் மூன்று தலைகள் தெரிந்தன. சாந்தாமணி கண்ணாடியைக் கழற்றுவதற்கு முன்பே பேச ஆரம்பித்துவிட்டாள். மூக்கு அடைத்துக்கொண்டு குரல் வேறு மாதிரி வந்தது.

"ஏனுங்க, ஒரு மீனுங்க, நம்மூட்டுச் சமையக்கட்டு அகலம் இருக்கும். என்னயப் பாத்துட்டு அதும்பாட்டுக்குப் போவுது. ஒரு மருவாதி இல்ல." தண்ணீரில் நின்றபடியே சிரித்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். "என்னாச்சுங்க? எதுக்கு அழுவறீங்க?"

"உப்புத் தண்ணி தெறிச்சிருச்சு" என்றார் மாசாணம். கால் முழுவதும் மணலாக அப்படியே கீழே உட்கார்ந்தார்.

கடைசி இறக்கம் போர்ட் பிளேருக்குத் தெற்கே சிடியாடாப்பு கடலில், படகில் இருந்து. வருகிறீர்களா என்று லின்சி கேட்டாள். மாசாணம் மகளைப் பார்த்தார்.

"இனியா கையப் புடிச்சுட்டு வாரேனுங்க. புள்ளைக்குச் சம்மதம்னா."

"முடிய மட்டும் தொடக்கூடாது" என்றாள் இனியா.

கைகோத்து இறங்கினார்கள். பாதி வழியில் இரண்டு தடவை அவர் மூச்சு நின்றது. இரண்டு தடவையும் இனியா விரலை அழுத்தினாள், குமிழி வந்தது. கண்ணை மூடவேண்டும்போல் இருந்தபோதெல்லாம் அந்தக் கை அசைந்தது. இறுக்கியது, தளர்ந்தது, எதையாவது காட்ட இழுத்தது. தண்ணீருக்குள் அவர் பிடித்த எந்தக் கையும் இதுவரை அப்படித் திரும்பப் பிடித்ததில்லை. ஒரு ஆமை பக்கத்தில் வந்து, இருவரையும் சுற்றிக்கொண்டு மேலே போனது. முழுதாகப் பார்த்தாரா என்று கேட்டால் அவரால் சொல்ல முடியாது. அவர் பாதி நேரமும் விரல்களைத்தான் கவனித்துக்கொண்டிருந்தார். படகின் ஏணிக்கு வந்தபிறகும் கையை விட மனமில்லை. இனியாதான் உதறிவிட்டு ஏறினாள்.

ஒவ்வொரு இறக்கத்துக்குப் பிறகும் என்ன பார்த்தோம் என்று ஒரு சின்ன நோட்டில் எழுதவேண்டும், அது வழக்கம். லின்சி பேனாவைக் கொடுத்தாள். மாசாணம் ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு நிறுத்தி நிதானமாக எழுதினார்.

ஆமை, ஒன்று. இனியா.

லின்சி எட்டிப் பார்த்தாள். "ஆளுகள எல்லாம் எழுதக் கூடாதுங்க சார். மீன், ஆமை, அப்படி."

"இருக்கட்டுமுங்க" என்று சொல்லி நோட்டை மூடினார் மாசாணம்.