சுருளில் நின்றவர்

தங்கை பேச்சு எடுத்தபோதெல்லாம் அக்கா ஒரே பதில்தான் வைத்திருந்தாள். "செத்தவனைத் தேடி பஸ் ஏறணுமாக்கும்?"

அண்ணன் சாகும்போது தங்கை கைக்குழந்தை. வீட்டில் அவர் படம் ஒன்றுகூட இல்லை. ஒரு பெரிய நாளிதழில் அச்சு இயந்திரம் ஓட்டியவர் அவர். புது இயந்திரம் வந்த அன்று தொழிலாளர்களை வரிசையாக நிறுத்திப் படமெடுத்து முதல் பக்கத்தில் போட்டார்கள் என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்து போய்ச் சேர்ந்தாள். பத்திரிகையும் மூடியாயிற்று. பக்கங்களைப் பொடியாகப் படமெடுத்த மைக்ரோஃபிலிம் சுருளாக மட்டும் நூலகத்தில் மிச்சமிருந்தது.

ஒருவழியாக அக்கா வந்தாள், முணுமுணுத்துக்கொண்டேதான்.

நூலக ஊழியர் சுருளை மாட்டிக் கைப்பிடியைச் சுற்றினார். திரையில் பக்கங்கள் ஓடின. ஏலம், வெள்ளம், மணமகள் தேவை. "மெதுவா, தம்பி, தலை சுத்துது" என்றாள் அக்கா.

அந்த முதல் பக்கம் வந்து நின்றது. தலைப்பு பளிச்சென்று இருந்தது. படத்தில் வெள்ளைச் சட்டைகள் வரிசையாக நின்றன. சட்டைக்கு மேலே எல்லாருக்கும் கறுப்புத் திட்டு.

"கொஞ்சம் தெளிவா வைங்களேன்" என்றாள் தங்கை.

"இதுக்கு மேல தெளியாதும்மா. எழுத்து நல்லா விழணும்னு கறுப்பைத் தூக்கலா வெச்சு எடுத்தாங்க. படமெல்லாம் கருகிடுச்சு."

"அசல் பேப்பர்?"

"ஃபிலிம்தான் இருக்கேன்னு அதை எடைக்குப் போட்டுட்டாங்க."

அக்கா கண்ணாடியை மாட்டித் திரையருகே குனிந்தாள். வெகுநேரம் பார்த்துவிட்டு ஒரு திட்டின்மேல் விரலை வைத்தாள்.

"இவன்தான்."

"மூஞ்சியே இல்லையேக்கா!"

"நிக்கிற அழகைப் பாரேன். பக்கத்துல எவன் இருந்தாலும் அவன்மேல சாஞ்சிடுவான். 'சுவரு இல்லாம நிக்கத் தெரியாதாடா'ன்னு அப்பா கத்துவார்."

தங்கைக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "கண்ணு எப்படிக்கா இருக்கும்? அம்மா மாதிரியா?"

அக்கா விரலை எடுத்துக்கொண்டாள். பக்கத்து மேசையில் யாரோ இருமினார்கள்.

"ஞாபகமில்லடி" என்றாள். "எந்த வருஷம் மறந்துச்சுன்னே தெரியல. நீ கேப்பியேன்னுதான் வரமாட்டேன்னேன். இங்க வந்தா நானும் பாத்துக்கலாம்னு..." மீதியை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

தங்கை ஊழியரைப் பார்த்தாள். "இந்தப் படத்தை ஒரு பிரதி எடுத்துக் குடுங்க."

"திட்டை வெச்சுக்கிட்டு என்னடி பண்ணப் போற?"

"சாஞ்சு நிக்கிறாரில்ல" என்றாள் தங்கை.

அக்கா ஊழியரிடம் திரும்பினாள். "ரெண்டா எடுங்க, தம்பி."