அதே மருந்து, வேறு பெட்டி

எங்கள் ஊர் அசெனோவ்கிராதில் தெருவுக்கு நாலு கல்யாண உடைக் கடை உண்டு. அதில் ஸ்லாவ்காவின் கடையில் இருபத்தாறு வருடமாக உடைகளைப் பிடித்தும் பிரித்தும் தைத்துக் கொடுக்கிறேன். நாள் முழுக்க மற்ற பெண்களின் இடுப்பை அளக்கிறவள், என் இடுப்பை அளந்து பல வருடம் ஆகிவிட்டது.

சமீப காலமாக மணப்பெண்கள் இரண்டாம் முறை போட்டுப் பார்க்க வரும்போது உடை ஆணியில் மாட்டியதுபோலத் தொங்குகிறது. கேட்டால், "இளைக்க ஊசி போட்டுக்கறேன் அக்கா" என்கிறார்கள். ஒரே மாதத்தில் நாலு விரல் அகலம் பிடித்துத் தைத்த உடைகள் ஐந்து. எனக்கோ நூற்றுப் பதினான்கு கிலோ. முழங்கால் இரண்டும் மாடிப்படியைப் பார்த்தாலே அழும். டாக்டர் கமெனோவாவிடம் போய் எனக்கும் ஊசி எழுதித் தரச் சொன்னேன்.

ஆறு வாரம் போட்டேன். ஆறு வாரமும் வாந்தி. ஒருநாள் கடைப்படியில் மயங்கி விழுந்ததோடு டாக்டர் அதை நிறுத்திவிட்டார். அடுத்து ஒரு காப்ஸ்யூல் தந்தார். சாப்பிடும் கொழுப்பில் ஒரு பங்கை உடம்பில் சேரவிடாமல் அப்படியே வெளியே தள்ளிவிடுமாம். நான்காம் நாள், பழக்கதோஷத்தில், சீஸ் வைத்து அடுக்கிச் சுட்ட, வெண்ணெய் வழியும் பனித்சா இரண்டு துண்டு தின்றுவிட்டு வேலைக்குப் போனேன். அப்புறம் நடந்ததை விவரமாக எழுத மாட்டேன். என்னைச் சுற்றி ஏழு வெள்ளை உடைகள் இருந்தன, அன்று மாலைவரை நான் எங்கேயும் உட்காரவில்லை. அவ்வளவுதான். ஸ்லாவ்கா இன்றைக்கும் அந்தக் கதையைச் சிரிக்காமல் சொல்லி முடித்ததில்லை.

மூன்றாம் முறை போனபோது டாக்டர் பழைய சீட்டுகளை ஒதுக்கி வைத்தார்.

"இன்னொரு வழி இருக்கு வெலிச்கா. இது வயித்தை விட தலைக்குள்ளதான் அதிகம் வேலை செய்யும்."

"என் தலை நல்லாத்தானே இருக்கு?"

"அப்படியா? இப்ப என்கூடப் பேசிட்டிருக்கும்போதே அடுத்து என்ன சாப்பிடலாம்னு ஓடுதா, இல்லையா? உண்மையைச் சொல்லுங்க."

மருத்துவமனை வாசலில் இருக்கும் மிட்டாய்க் கடையைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வலிப்பு வந்ததுண்டா, வலிக்கு வீரியமான மாத்திரை ஏதும் போடுகிறேனா என்று கேட்டார். ரத்த அழுத்தம் பார்த்தார். முதல் வாரம் காலையில் ஒன்று, பிறகு வாரம் ஒன்றாகக் கூட்டி, காலையில் இரண்டு மாலையில் இரண்டு என்று எழுதினார்.

மருந்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்ததும் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாளைப் பிரித்தேன். காப்ஸ்யூல் தந்த பாடத்துக்குப் பிறகு எதையும் படிக்காமல் விழுங்குவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். இரண்டு மருந்து சேர்ந்த மாத்திரை அது. முதல் பெயர் தெரியாது. இரண்டாவது பெயர் நால்ட்ரெக்சோன். அது எனக்குத் தெரியும். ஒன்பது வருடத்துக்கு முன் நானே மருந்துக்கடையில் வாங்கி வந்து, என் கணவன் இக்னாத்தின் கையில் கொடுத்த பெட்டியின் மேல் இருந்த பெயர்.

தாளை எடுத்துக்கொண்டு மருந்துக்கடைக்கே திரும்பிப் போனேன். கடைக்காரர் லாசர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"ஆமாம்மா, அதேதான். குடியை விடறவங்களுக்கும் கொடுக்கறது. மூளைக்கு ஒரு நமைச்சல் வருதில்ல, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு? அதைத் தணிக்கும். குடிக்கிற கிளாஸா, சாப்பிடற தட்டான்னு மருந்துக்குத் தெரியாது."

இக்னாத் அப்போது பக்கத்து நகரமான ப்லோவ்திவ் தடத்தில் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தான். மாலையானால் ரக்கியா என்கிற பழச்சாராயம். யாரையும் அடித்ததில்லை, கத்தியதில்லை. குடித்துவிட்டு அமைதியாக இருப்பான், அந்த அமைதிதான் எனக்கு ஆகாது. ஒருநாள் அவனாகவே டாக்டரிடம் போய் அந்த மாத்திரைக்குச் சீட்டு எழுதி வாங்கி வந்தான். மூன்று மாதம் விடாமல் போட்டான். டிசம்பரில் அவனுடைய பெயர்நாள் வந்தது; அவன் பெயருக்குரிய புனிதரின் திருநாள், பிறந்தநாளைப்போலக் கொண்டாடுவோம். அவன் அண்ணன் மெதோதி குடும்பத்தோடு சாப்பாட்டுக்கு வந்திருந்தார். மெதோதி ஊற்றப் போனார், இக்னாத் கிளாஸைக் கையால் மூடினான்.

"என்னடா, பெயர்நாள் அதுவுமா?" என்றார் மெதோதி.

நான் சிரித்துக்கொண்டே சொன்னேன்: "அவனுக்கு மாத்திரை போட்டாத்தான் வேண்டாம்னு வாயில வரும். ஒரு கிளாஸை வேண்டாம்னு சொல்ல ஆம்பளைக்கு டாக்டர் சீட்டு வேணுமாம்!"

எல்லாரும் சிரித்தார்கள். இக்னாத்தும் சிரித்தான். அப்புறம் கையை எடுத்தான். அதைச் சொன்னபோது என் தட்டில் பன்றி வறுவல் மூன்றாவது முறையாக நிறைந்திருந்தது. மறுநாள் காலை மாத்திரைப் பெட்டி குப்பைக்கூடையில் கிடந்தது. இவனுடைய உறுதி இவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டு அதன்மேல் உருளைக்கிழங்குத் தோலைக் கொட்டினேன். இரண்டு வருடத்தில் பஸ் வேலை போயிற்று. இப்போது டயர் கடையில் இருக்கிறான்.

மாத்திரையைப் போட ஆரம்பித்தேன். முதல் இரண்டு வாரம் வாய் உலர்ந்தது, தலை வலித்தது. மற்றபடி ஒன்றும் தெரியவில்லை. நான்காவது வாரம் ஒரு மணப்பெண்ணின் அம்மா கடைக்குப் பெரிய கேக் பெட்டி கொண்டுவந்தார். தையல் மிஷினுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். நான் ஒரு லேஸ் ஓரத்தைப் பிரித்துத் தைத்துக்கொண்டிருந்தேன். கடை மூடும் நேரத்தில் ஸ்லாவ்கா, "உன் பங்கு அப்படியே இருக்கே, உடம்பு சரியில்லையா?" என்றாள். அப்போதுதான் உறைத்தது. மதியம் முழுக்க அந்தப் பெட்டியை நான் நினைக்கவே இல்லை. அடக்கிக்கொண்டிருந்தேன் என்று இல்லை. நினைவே வரவில்லை. ஐம்பத்தாறு வயதில் முதல்முறையாக என் தலைக்குள் யாரும் பேசவில்லை. மற்றவர்கள் எல்லாரும் இப்படித்தான் இருக்கிறார்களா? இவ்வளவு சுலபமாகவா? மிஷின்மேல் கை வைத்தபடி அழுதேன். ஸ்லாவ்கா பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

எனக்காக மட்டும் அழவில்லை. இந்த அமைதி இக்னாத்துக்கு மூன்று மாதம் கிடைத்திருந்தது. ஒரு சிரிப்புக்காக நான் அதைப் பிடுங்கிவிட்டேன்.

அன்று மாலை பெட்டியை அவன் முன்னால் வைத்தேன். பெயரைப் படித்தான்.

"உனக்கு எதுக்கு இது?"

"இளைக்கறதுக்கு."

"வேலை செய்யுதா?"

"செய்யுது. உனக்கும் செஞ்சுச்சா அப்ப?"

பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "மாத்திரை போட்டப்ப ரேடியோவுல பேசறது முழுசாக் கேட்கும்" என்றான். "அதுக்கு முன்னாடி பாதிதான் கேட்கும்."

"மறுபடி டாக்டர்கிட்ட போகலாமா?"

"வேண்டாம் வெலிச்கா. எனக்கு அறுபத்தொண்ணு ஆச்சு. விடு."

விடவில்லை. தவறு நடந்தது குடும்பத்தோடு சாப்பிட்ட மேஜையில், அங்கேதான் திருத்த வேண்டும் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை மெதோதி வீட்டுச் சாப்பாட்டில், எல்லாரும் இருக்கும்போதே ஆரம்பித்தேன்.

"மெதோதி, இவனோட பெயர்நாள்ல, அந்த மாத்திரையைப் பத்தி நான் ஒண்ணு சொன்னேனே, ஞாபகம் இருக்கா?"

"நீ தினம் ஒண்ணு சொல்றவ. எதைன்னு ஞாபகம் வச்சுக்க?"

"ஆம்பளைக்கு டாக்டர் சீட்டு வேணுமான்னு கேட்டேன். அதே மாத்திரையைத்தான் இப்ப நான் முழுங்கறேன். வறுவலை வேண்டாம்னு சொல்ல எனக்கும் சீட்டு வேண்டியிருக்கு. அன்னைக்கு நான் பேசினது தப்பு. இவன் நல்ல வழியிலதான் போயிட்டிருந்தான், நான்தான் கெடுத்தேன்."

மெதோதி முள்கரண்டியைக் கீழே வைத்தார். இக்னாத்தின் முகம் சிவந்துபோயிருந்தது.

"உன்னை யாரு பேசச் சொன்னா?" என்று எழுந்தான். கோட்டை எடுத்துக்கொண்டு நடந்தே வீட்டுக்குப் போய்விட்டான். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நல்லது செய்யப்போய் இரண்டாம் முறையும் எல்லார் முன்னாலும் அவனை உட்காரவைத்துப் பேசிவிட்டேன் என்பது எனக்கு அப்புறம்தான் புரிந்தது.

நான்காம் நாள் ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டே, நிமிராமல் கேட்டான்: "அந்த டாக்டரம்மா சாயந்தரம் எத்தனை மணி வரைக்கும் இருப்பாங்க?"

டாக்டர் முதலில் ரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னார். முடிவு வந்த அன்று இருவரும் போனோம். தாளை மேஜைமேல் வைத்து, ஒரு வரியின்கீழ் பேனாவால் கோடு போட்டார்.

"ஈரல் ரொம்பக் கெட்டிருக்கு இக்னாத். இந்த நிலைமையில அந்த மாத்திரையை நான் எழுதித் தர முடியாது."

"ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி முடிஞ்சிருக்குமா?" என்று கேட்டது நான்தான்.

"அப்ப இருந்த ஈரலை நான் பார்க்கலையே வெலிச்கா."

"அப்ப நல்லாத்தான் இருந்துச்சு" என்றான் இக்னாத். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசி அட்டவணையைப் பார்த்துச் சொன்னான். அவன் என்னைத் திட்டியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

எனக்கு மூன்று மருந்து மாற்றிப் பார்த்த டாக்டர் அவனையும் விட்டுவிடவில்லை. ஈரல் டாக்டருக்குக் கடிதம் எழுதினார், குடி நமைச்சலுக்கு வேறொரு மருந்து தந்தார், வியாழக்கிழமைதோறும் ப்லோவ்திவில் குடியை விட்டவர்கள் கூடும் கூட்டத்துக்குப் போகச் சொன்னார். அந்த மருந்து பழையதைப்போலக் கேட்கவில்லை என்கிறான். இந்த ஏழு மாதத்தில் இரண்டு முறை வழுக்கிக் குடித்துவிட்டான். இரண்டு முறையும் மறுநாளே அவனாகச் சொன்னான். நான் பதினொரு கிலோ இறங்கினேன், பிறகு எடை அங்கேயே நின்றுவிட்டது. முழங்கால் பரவாயில்லை.

போன வியாழன் கூட்டம் முடிந்து பஸ் நிலையத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவன் திடீரென்று கேட்டான்.

"அந்த நமைச்சல் உனக்குள்ள என்ன சொல்லும்? எனக்கு 'இன்னைக்கு மட்டும்'னு சொல்லும். உனக்கு?"

முப்பத்து நான்கு வருடக் கல்யாண வாழ்க்கையில் யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. எங்கிருந்து தொடங்குவது என்று யோசித்தேன். எட்டு வயதில், அம்மா வேலைக்குப் போனபின் சமையலறை அலமாரிக்கு முன்னால் நின்றதிலிருந்து தொடங்கினேன். அவன் குறுக்கிடாமல் கேட்டான். அசெனோவ்கிராத் பஸ் வந்தது, ஆட்களை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. நான் எழப் போனேன்.

"உட்காரு" என்றான். "அரை மணியில அடுத்தது வரும். அந்த டிரைவரை எனக்குத் தெரியும், நேரத்துக்கு வருவான். நீ சொல்லு."