முழு அனுமதி

சனிக்கிழமை ஒரு நாள் லீவு போட்டுவிட்டுத் திங்கட்கிழமை வந்த லோகநாயகியை மிஷின் உள்ளே விடவில்லை.

தன் எண்ணை அடித்தாள். ரகசியச் சொல்லை அடித்தாள். டைப்ரைட்டர் மாதிரி இருந்த அந்த டெர்மினல் கடகடவென்று ஓடி, காகிதத்தில் ஒரே ஒரு வரியைத் துப்பியது. அனுமதி இல்லை. விரல் தவறியிருக்கும் என்று மறுபடி அடித்தாள். மறுபடியும் அதே வரி.

அம்பத்தூர் எஸ்டேட்டில் பம்பு செய்யும் அந்தக் கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வந்தது எழுபத்தேழில். வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. யார் எந்தக் கோப்பைப் பார்க்கலாம், யார் திருத்தலாம் என்று ஐம்பது பேருக்கு அதில் கணக்குத் திறந்திருந்தார்கள். ஒருவருக்கு அனுமதி கொடுக்க இருபது கட்டளை, எடுக்க இருபது கட்டளை. ஒவ்வொன்றாக அடித்தே விரல் வீங்கும். லோகநாயகிதான் அவற்றை வரிசையாக ஒரு ஃபைலில் எழுதி வைத்தாள். ஃபைல் பெயரையும் ஆளின் எண்ணையும் அடித்தால் போதும், மீதியை மிஷினே பார்த்துக்கொள்ளும். என்ன காரணம் என்று மட்டும் கேட்கும். அதைச் சொல்லாவிட்டால் நகராது. திறக்க ஒரு ஃபைல், மூட ஒரு ஃபைல். அவற்றை ஓட்டும் முழு அனுமதி மானேஜர் ரகுநாதனுக்கும் அவளுக்கும் மட்டும்.

பருத்திப்பட்டில் நாற்று நட்டுப் பிழைத்த குடும்பம். அப்பா கன்னியப்பன் ஆவடியில் வெல்டராகச் சேர்ந்த பிறகுதான் வீட்டில் மூன்று வேளை அடுப்பு எரிந்தது. அந்த வீட்டுப் பெண் பி.எஸ்சி. கணக்குப் படித்து, கண்ணாடி அறைக்குள் ஏ.சி. குளிரில் உட்கார்ந்திருப்பதைச் சொல்லிச் சொல்லி அவருக்கு அலுத்ததே இல்லை.

சனிக்கிழமை அவள் போனது காஞ்சிபுரத்துக்கு, கூறைப்புடவை எடுக்க. வைகாசியில் கல்யாணம். மாப்பிள்ளை அதே அறையில் அவளுக்கு ஒரு படி கீழே வேலை பார்க்கும் வரதன். ஆறு மாதமாக ஒரே டிபன் பாக்ஸில் இரண்டு பேரும் சாப்பிடுவதைப் பார்த்து எஸ்டேட்டே பேசிச் சலித்த பிறகு, வீட்டில் சம்மதித்திருந்தார்கள். அன்றைக்கு ஸ்டாக் பட்டியல் அச்சாக வேண்டும் என்பதால், மானேஜர் கையெழுத்து இல்லாமலே வரதன் எண்ணுக்கு ஒரு நாளைக்கு முழு அனுமதி திறந்துவிட்டுப் போனாள். நம்ம வரதன்தானே.

டெர்மினலில் அடித்தது எல்லாம் காகிதச் சுருளில் பதிவாகும். மாலையில் கிழித்து அலமாரியில் வைப்பார்கள். சனிக்கிழமைச் சுருளை எடுத்துப் பிரித்தாள். மதியம் ஒன்று பத்து. வரதனின் எண். மூடும் ஃபைல். அவளுடைய எண். காரணம்: கல்யாணம்.

சைக்கிள் ஸ்டாண்டு ஓரமாக அவனைப் பிடித்தாள். காகிதத்தை நீட்டினாள்.

"இன்னா இது?"

வரதன் சிரிக்கப் பார்த்தான். "நானே சொல்லலாம்னுதான் இருந்தேன்."

"எப்போ? தாலி கட்டினதுக்கு அப்பாலயா?"

"அம்மா ஒரே பிடியா கீது லோகா. மருமவ மேல, மவன் கீழ உக்காந்தா கொரட்டூரே சிரிக்கும்னுது. உனக்கு இன்னா கொறை? கார்டு பஞ்ச் பண்ற சீட்டு காலியா கீது. டென்சன் இல்லாம வரலாம், போலாம்."

"உங்க அம்மாவா வந்து என் நம்பரை அடிச்சாங்க?"

அவன் பாராட்டுவது போலவே சொன்னான். "ஃபைலை நல்லா எழுதிக்கீற. ஒரு எடத்துலகூட நிக்கல."

லோகநாயகி காகிதத்தைச் சுருட்டினாள். "சார்கிட்ட இன்னா சொன்னீங்க?"

"உன் அனுமதியை எடுத்துடச் சொல்லி நீயே கேட்டுக்கினதா சொன்னேன். கூப்பிட்டுக் கேட்டா ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லிடு. இல்லேன்னா என் வேலை போயிடும். பத்திரிகைகூட அடிச்சாச்சு, யோசிச்சுக்கோ."

மன்னிப்பு என்று அவன் வாயிலிருந்து ஒரு சொல் வந்திருந்தால் அவள் அந்த ஆமாவைச் சொல்லியிருப்பாள். அது அவளுக்கே தெரிந்தது. அதற்காகவே கொஞ்ச நேரம் நின்றாள். அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

பதினோரு மணிக்கு ரகுநாதன் கூப்பிட்டார்.

"நீங்களே விட்டுக் கொடுத்துட்டதா வரதன் சொன்னார். நல்ல முடிவும்மா."

"நான் கேட்கலை சார்." சுருளை மேசைமேல் வைத்தாள். சனிக்கிழமைக்கு அனுமதி திறந்துவிட்டதையும் மறைக்காமல் சொன்னாள்.

ரகுநாதன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என் கையெழுத்து இல்லாம திறந்தது யாரு?"

"நான்தான் சார்."

"அப்போ தப்பு ரெண்டு பேர் மேலயும் இருக்கு. ரெண்டு பேரையும் அனுப்பிட்டா மிஷினை யார் பார்க்கறது? அவர் இங்கேயே இருக்கப் போறவர். நீங்க நாளைக்கே குடும்பம், குழந்தைன்னு போறவங்க."

"இந்தக் கல்யாணம் நடக்காது சார்."

"இது நடக்கலைன்னா இன்னொண்ணு நடக்கும்மா." குரலில் கோபமே இல்லை. "கார்டு பஞ்ச் சீட்டுல உட்காருங்க. வரதன் பார்த்துக்கட்டும்."

அன்று மதியம் முழுக்க அவள் மிஷின் படிக்கும் கார்டுகளில் ஓட்டை போட்டாள். நாலு மணி வாக்கில் வரதன் பின்னால் வந்து நின்றான். ஸ்டோர் கிளார்க் மணவாளனுக்கு அனுமதி திறக்கப் பார்த்தானாம், பாதியில் நின்றுவிட்டதாம்.

"எட்டாவது வரியில நிக்குது லோகா. இன்னா போடணும்?"

"தெரியலையே. அந்த ஃபைலைப் பார்க்க எனக்கு அனுமதி இல்லை."

அவள் அடுத்த கார்டைச் செருகினாள்.

வீட்டு வாசலில் கன்னியப்பன் பத்திரிகைகளுக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தார். அவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். மஞ்சள் விரல்களைத் தூக்கிப் பிடித்தபடி அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"வேலையாச்சும் திரும்பக் கெடச்சுதா?"

"இல்லப்பா. கார்டு பஞ்ச்தான்."

"அதுவும் இல்ல, இதுவும் இல்ல. அப்பறம் இன்னாத்துக்கும்மா வாயைத் தொறந்த? ஆமான்னு சொல்லிட்டு இருந்திருக்கலாமே."

"இன்னிக்கு ஒரு ஆமா சொன்னா ஆயுசுக்கும் சொல்லிக்கினே இருக்கணும்பா."

அவர் கையைக் கழுவினார். ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். மற்றவர்கள் சொல்லித் தெரிவதற்குள், கொரட்டூரில் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்க் கல்யாணம் நின்றதை அவரே சொல்லியாக வேண்டும். மகளின் முகத்தைப் பார்க்காமல் குனிந்து செருப்பைத் தேடினார்.