முருகையாவின் வெள்ளைப் பக்கம்

முருகையாவின் படத்தை முகப்புப் பக்கத்தில் போட வேண்டும், அதுவும் மாலையோடு போட வேண்டும், பக்கத்தில் ஒரு குத்துவிளக்கு அசைந்து அசைந்து எரிய வேண்டும் என்று சோலையப்பன் சொன்னார். சொல்லிவிட்டுக் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நீலாவதிக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. கோபப்படுவதற்கும் உடம்பில் கொஞ்சம் தெம்பு வேண்டுமே.

சோலையப்பன் மலேசியாவில், சிரம்பானில் கம்ப்யூட்டர் விற்கிறவர். அவருடைய அப்பா வட்டிக்கடை நடத்திய அதே கடைவீட்டின் மாடியில்தான் ஆபீஸ். தொண்ணூற்றெட்டில் ரிங்கிட்டின் மதிப்பு விழுந்து, கம்ப்யூட்டர் வாங்க ஆள் வராமல் ஈ ஓட்டிக்கொண்டிருந்தபோது அவருக்கு ஒரு யோசனை உதித்தது. உலகத்தில் சாஃப்ட்வேர் கொட்டிக் கிடக்கிறது. ஒருவருக்கு வைரஸை விரட்ட ஒன்று வேண்டும், இன்னொருவருக்குத் தமிழில் எழுத்தடிக்க ஒன்று வேண்டும், கிளினிக்காரருக்கு டோக்கன் அச்சடிக்க ஒன்று வேண்டும். எது எங்கே கிடைக்கும் என்று ஒரே இடத்தில் சொல்கிற மாதிரி இன்டர்நெட்டில் ஒரு டைரக்டரி கட்டினால் என்ன? கட்டுகிற வேலையை முருகையாவிடமும் நீலாவதியிடமும் ஒப்படைத்தார். தேடி எடுத்துக் கொடுக்கிற உள்வேலை அவனுக்கு, கண்ணுக்குத் தெரிகிற பக்கங்கள் இவளுக்கு.

முருகையா ரந்தாவ் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் வந்து போகிறவன். போன மாதம், மழை விட்டும் விடாமலும் இருந்த ஒரு சாயங்காலம், செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று வளைவில் அகலமாகத் திரும்பியது. அவன் எதிரே வந்துகொண்டிருந்தான். அவ்வளவுதான்.

இதில் நீலாவதியின் துக்கம் எவ்வளவு என்று ஆபீஸில் ஒருவருக்கும் தெரியாது. ஆபீஸில் அவள் அவனை 'முருகையா' என்று கூப்பிடுவாள், தனியாக இருந்தால் பேர் சொல்லாமல் 'இங்க பாருங்க' என்பாள். வித்தியாசம் அந்த ஒன்றில்தான் இருந்தது, அதைக் கேட்க யாருக்கும் வாய்க்கவில்லை. "பக்கம் தொறக்கிற அன்னிக்கி அம்மாவைக் கூட்டிட்டு வர்றேன். பக்கத்தையும் காட்டிடுறேன், உன்னையும் காட்டிடுறேன்" என்று அவன் சொல்லியிருந்தான். அதற்குள் அவனையே தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். சோலையப்பனின் காரில் ஆபீஸ் ஆட்களோடு ஆளாக அவளும் சாவு வீட்டுக்குப் போனாள். உறவுப் பெண்கள் கூடாரத்துக்கடியில் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருக்க, எந்த முறையைச் சொல்லிக்கொண்டு உள்ளே போவது என்று தெரியாமல் மழையில் சாலையோரமாகவே நின்றாள். திரும்பி வரும்போது காரின் சீட்டெல்லாம் ஈரம். "கையில குடை இருக்குல்லா, ஏம்மா இப்படி நனைஞ்சே?" என்று சோலையப்பன் கேட்டார்.

இப்போது அந்தப் பக்கம் ஒன்றுதான் அவர்கள் இரண்டு பேருக்கும் பொதுவாக மிஞ்சியிருந்தது.

உண்மையைச் சொல்வதென்றால், முதலில் அதைக் குப்பையாக்கியவளே நீலாவதிதான். ஓரமெல்லாம் செம்பருத்திப் பூ, மேலே ஓடுகிற எழுத்து, மூலைக்கு மூலை 'புதுசு, புதுசு' என்று கண் சிமிட்டும் நட்சத்திரம், எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணும் கணக்குப் பெட்டி. சோலையப்பன் பார்த்துப் பார்த்துப் பூரித்துப்போனார். தம் கடையின் பேரை மூன்று இடத்தில் போடச் சொன்னார். முருகையா மட்டும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றாக விரல் வைத்து, "இது எதுக்கு?" என்று கேட்டான்.

"அழகுக்கு."

"சாமான் தேடி வர்றவனுக்கு அழகு எதுக்கு? எடு."

விரல் அடுத்ததுக்கு நகர்ந்தது. "இது?"

"எத்தனை பேர் வந்தாங்கன்னு..."

"வந்தவனுக்கு அது எதுக்கு? எடு லா."

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. நாலு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். சோலையப்பனும் விடவில்லை. "என்னப்பா இது, கடையைத் தொறந்து வெச்சிட்டு ஷட்டரை எறக்கின மாதிரி?" என்றார். "பாஸ், எங்க தோட்டத்துக் கோயில்ல டியூப்லைட் வாங்கிக் குடுத்தவங்க அதுமேலயே உபயம்னு ஊர், பேர், தகப்பன் பேர் எல்லாம் எழுதி வெச்சிருக்காங்க. வெளிச்சம் மட்டும் வராது" என்று முருகையா சிரித்தான். கடைசியில் வெள்ளையான ஒரு பக்கம், மேலே டைரக்டரியின் பேர், நடுவில் தேடுகிற சொல்லை எழுத ஒரு பெட்டி, அதன் கீழே ஒரு பட்டன். மிச்சமிருந்தது இவ்வளவுதான்.

கோபம் ஆறின பிறகு ஒரு நாள் அவளிடம் மட்டும் காரணத்தைச் சொன்னான். "எங்கம்மா பெரட்டுக்குப் போறதுக்கு முந்தி வாசலைக் கூட்டிட்டுத்தான் போவாங்க. பெரட்டுல ஆளுங்களைப் பேர் கூப்பிட ஆரம்பிச்சாலும் சரி, கூட்டாம கெளம்ப மாட்டாங்க. லயத்து வீட்டுக்குள்ள நாங்க எட்டுப் பேர், கால் நீட்ட எடம் இருக்காது. வெளியில வந்தா அந்த வாசல்ல ஒரு எலை கெடக்காது. எனக்கு அதப் பாத்தாத்தான் மூச்சு வரும்."

இன்னும் இரண்டு விஷயத்தில் அவன் பிடிவாதமாக இருந்தான். தேடினது கிடைக்காவிட்டால் இல்லை என்று மூஞ்சியில் அடித்த மாதிரி சொல்லக் கூடாது. 'இன்னும் இங்கே வந்து சேரவில்லை. ஒரு வாரம் கழித்து வந்து பாருங்கள், தேடி வைக்கிறோம்' என்று சொல்ல வேண்டும், சொன்னபடி தேடியும் வைக்க வேண்டும். இன்னொன்று, டைரக்டரியில் எதைச் சேர்த்தாலும் 'யாரைக் கேட்பது' என்று ஓர் ஆளின் பேர் இருக்க வேண்டும். அதை விட்டுவிட்டுச் சேர்க்கப் பார்த்தால் கம்ப்யூட்டர் ஏற்றுக்கொள்ளாதபடி எழுதி வைத்திருந்தான். கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லாத பொருளை ஜனங்கள் தலையில் கட்டக் கூடாதாம்.

சோலையப்பன் சொல்லிவிட்டாரே என்று நீலாவதி படத்தைப் போட்டுத்தான் பார்த்தாள். முருகையாவின் அம்மா தாயம்மா கொடுத்தனுப்பிய படம் அது. ஏதோ கல்யாணத்தில் எடுத்தது, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறான். மாலை வைத்தாள், விளக்கு வைத்தாள், 'கண்ணீர் அஞ்சலி' என்று எழுதினாள். தேடும் பெட்டி திரையை விட்டே கீழே இறங்கிப் போய்விட்டது. அவன் இருந்திருந்தால் விரலை வைத்து, இது எதுக்கு என்று கேட்டிருப்பான். ஒவ்வொன்றாக எடுத்தாள். விளக்கை எடுத்தாள், மாலையை எடுத்தாள், படத்தைக் கடைசியாக எடுத்தாள்.

"படம் போட்டா அவர் செஞ்ச பக்கமா இருக்காது பாஸ்" என்று சோலையப்பனிடம் சொன்னாள்.

"அந்தம்மாகிட்ட சாவு வீட்லயே வாக்கு குடுத்துட்டேன்மா. உங்க மகனை உலகமே பாக்கும்னு சொல்லியிருக்கேன். தொறக்கிற அன்னிக்கி அந்தம்மா வர்றாங்க."

"படம் போட்டா நான் வேலைக்கு வரமாட்டேன் பாஸ்."

குரல் உயர்த்தியே பேசாத பெண் இப்படிச் சொன்னதும் அவர் திகைத்துப்போனார். "சரி. அந்தம்மாகிட்ட நீயே சொல்லிக்க. எனக்கு அந்தத் தைரியம் இல்ல" என்றார்.

திறப்பு நாளில் சோலையப்பன் மானிட்டருக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, எலுமிச்சம்பழத்தை அறுத்து வைத்தார். தாயம்மா பஸ் பிடித்து வந்து, மாடிப்படி ஏறி, மூச்சு வாங்க வந்து நின்றாள். ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போய்ப் போய்க் காய்த்த கை. அந்தக் கையில் ஒரு பிளாஸ்டிக் பை. பைக்குள் மகனின் படத்துக்குப் போடுவதற்காகச் சம்பங்கி மாலை. நீலாவதி ஒதுங்கி வழிவிட்டாள். மானிட்டர் பக்கம் கையைக் காட்டினாள்.

தாயம்மா குனிந்து பார்த்தாள். மேலே பார்த்தாள், கீழே பார்த்தாள். "எங்கேம்மா எம்புள்ள?"

"அம்மா, முருகையாதான் இப்படி வேணும்னாரு. ஒண்ணும் இருக்கக் கூடாதுன்னாரு. நீங்க பெரட்டுக்குப் போறதுக்கு முந்தி வாசலைக் கூட்டி வெப்பீங்களாமே, அந்த மாதிரி இருக்கணும்னு சொன்னாரு."

"அதையா சொன்னான்?" தாயம்மா வெள்ளைத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இப்பவும் வாசலைக் கூட்டத்தாம்மா செய்யுறேன். யாராச்சும் வருவாங்கன்னுதானே கூட்டுறது. இனிமே யாரு வரப்போறா?"

சோலையப்பன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தாயம்மா விரலை நீட்டி, "இந்தப் பொட்டி எதுக்கு?" என்றாள். மகன் கேட்டது போலவே கேட்டாள்.

"என்ன வேணுமோ அதை இதுல எழுதுனா தேடிக் குடுக்கும்மா."

"என்ன வேணும்னாலுமா?"

சொன்னதை எப்படித் திரும்ப எடுப்பது என்று நீலாவதி யோசிப்பதற்குள் தாயம்மா சொல்லிவிட்டாள். "அப்ப எம்புள்ள பேரை எழுது."

நீலாவதி எழுதினாள். பட்டனைத் தட்டினாள். பதில் வந்தது.

"என்ன சொல்லுது?"

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் அது அவன் எழுதிய வரி. அவள் படித்துக் காட்டினாள். "இன்னும் இங்கே வந்து சேரவில்லை. ஒரு வாரம் கழித்து வந்து பாருங்கள். தேடி வைக்கிறோம்."

தாயம்மா பிளாஸ்டிக் பையின் வாயைச் சுருட்டி முடிச்சுப் போட்டாள். "சரிம்மா, ஒரு வாரம் கழிச்சு வர்றேன்" என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள். கோபமாகச் சொன்னாளா, நம்பித்தான் சொன்னாளா என்று நீலாவதிக்குப் பிடிபடவில்லை. எதுவாக இருந்தாலும் தாங்க முடியாது போலிருந்தது.

சொன்னபடி தேடி வைக்க வேண்டும் என்பது அவன் போட்ட சட்டம். முகப்பில் இடம் கேட்டால் மாட்டேன் என்று சொல்லலாம், பேர் சொல்லித் தேடி வருகிறவளிடம் எப்படிச் சொல்வது? அந்த வாரத்தில் ஒரு நாள் மத்தியானம், சோலையப்பன் சாப்பிடப் போன நேரத்தில், நீலாவதி டைரக்டரியில் பொருளைச் சேர்க்கும் பக்கத்தைத் திறந்தாள். பெயர் என்ற இடத்தில் முருகையா என்று அடித்தாள். அந்தக் கல்யாணப் படத்தை மாலை இல்லாமல் ஏற்றினாள். 'எதற்குப் பயன்படும்' என்று இருந்தது. என்னென்னமோ எழுதி அழித்துவிட்டு, 'தேடுவதைக் கண்டுபிடித்துக் கொடுப்பார்' என்று எழுதினாள். சேர்க்கச் சொல்லி பட்டனைத் தட்டினாள். கம்ப்யூட்டர் ஒத்துக்கொள்ளவில்லை. 'யாரைக் கேட்பது' என்ற இடம் காலியாக இருந்தது.

தாயம்மாவின் பேரை அடித்தாள். அது நியாயமான பேர்தான். ஆனால் இந்தப் பக்கம் ஏன் வெள்ளையாக இருக்கிறது, இந்த வரியை ஏன் இப்படி எழுதினான், எப்படிச் சண்டை போட்டான், எப்படிச் சிரித்தான் என்று யாராவது கேட்டால் அதற்குப் பதில் சொல்ல இந்த உலகத்தில் ஒருத்திதான் இருக்கிறாள். தாயம்மாவின் பேரை அழித்துவிட்டுத் தன் பேரை அடித்தாள். சோலையப்பன் பார்ப்பார். பார்த்து நாலு பேரிடம் சொல்வார். அது அவளுடைய வீடு வரைக்கும் போகும். பயமாகத்தான் இருந்தது, பயத்தோடுதான் தட்டினாள். இந்தத் தடவை கம்ப்யூட்டர் ஒத்துக்கொண்டது.

ஒரு வாரம் கழித்துத் தாயம்மா வந்தாள், அதே பிளாஸ்டிக் பையோடு. முகப்புப் பக்கம் அதே வெள்ளையாக இருந்தது. அவள் "எழுது" என்றாள்.

நீலாவதி எழுதித் தட்டினாள். படம் மேலிருந்து மெதுவாக இறங்கி வந்தது. முதலில் முடி, பிறகு நெற்றி, பிறகு சுருக்கிய கண். தாயம்மா கையை நீட்டி மகனின் கன்னத்தைத் தொட்டாள். திரைக் கண்ணாடியில் மின்சாரம் சடசடவென்றது. அவள் கையை எடுக்கவில்லை. வெகுநேரம் அப்படியே வைத்திருந்துவிட்டு, "கீழ என்னமோ எழுதியிருக்கே, படி" என்றாள்.

"தேடுவதைக் கண்டுபிடித்துக் கொடுப்பார்."

"அதுக்குக் கீழ?"

நீலாவதி படித்தாள். "யாரைக் கேட்பது... நீலாவதி."

சோலையப்பன் கையிலிருந்த பேப்பரை மெல்லக் கீழே வைத்தார்.

"அது யாரு நீலாவதி?"

"நான்தாம்மா."

தாயம்மா திரையிலிருந்து கையை எடுத்தாள். அப்போதுதான் நீலாவதியின் முகத்தை முதன்முதலாகப் பார்ப்பவள் போலப் பார்த்தாள்.

"அன்னிக்கிச் சாலையோரமா ஒரு பொண்ணு நின்னுச்சு. கையில குடைய வெச்சுக்கிட்டு, அதை விரிக்காம நனைஞ்சுக்கிட்டே நின்னுச்சு. அந்த அழுகையிலயும் நான் பாத்தேன். யாரு பெத்த பொண்ணோன்னு நெனச்சேன். நீதானா அது?"

நீலாவதி தலையசைத்தாள்.

முருகையா போனதிலிருந்து யாரும் உட்காராத நாற்காலி ஒன்று பக்கத்து மேசைக்குள் தள்ளிக் கிடந்தது. தாயம்மா அதை இழுத்து நீலாவதிக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

"உள்ள வந்திருக்கலாம்லா? எம்பக்கத்துல உக்காந்து அழுதிருக்கலாம்லா?" என்றாள். "இத்தன நாளும் எப்படிம்மா தனியா வெச்சிருந்தே?"

நீலாவதி அவள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.