அளவு வராவிட்டால்

…பதினோரு நிமிடம் ஆயிற்று, இன்னும் அரைத்துக்கொண்டுதான் இருக்கிறது, பழைய கணினி மொழியில் என்றால் இதற்குள் நாலு தடவை ஓட்டிப் பார்த்து, நாலு தடவை திருத்தி, ஒரு காபியும் குடித்துவிட்டு வந்திருக்கலாம், ஆனால் இது அப்படிப்பட்ட சாதாரண மொழி இல்லையே, தூய்மையான மொழியாம், ஒரு தடவை வைத்த மதிப்பை அப்புறம் மாற்றவே கூடாதாம், மடி ஆசாரம் தோற்றது போங்கள். நாற்பதே வரி. நாற்பது வரியை எந்திரத்துக்குப் புரியும்படி மாற்றிக் கொடுக்க இந்த கம்பைலருக்கு இத்தனை நேரமா? கேட்டால், முதல் தடவை எல்லாவற்றையும் அடியிலிருந்து கட்டிக்கொள்ளும், அப்புறம் வேகமாகிவிடும் என்பார் பண்டிதர். பண்டிதர் என்பது அவள் வைத்த பெயர், ஏழு மாதத்துக்கு முன்னால் ஒப்பந்தத்தில் சேர்ந்தவர், எதைக் கேட்டாலும் கண்ணை மூடி யோசித்துவிட்டுத்தான் பதில் சொல்வார். கழிவறைச் சாவி எங்கே என்று கேட்டாலும் அப்படித்தான்.

அந்தப் பண்டிதருக்கு அவளுடைய ப்ரோக்ராமைத் தூக்கிக் கடாச வேண்டுமாம். தடுப்பூசிக் கிடங்கில் முந்நூறு குளிர்பெட்டி, நிமிடத்துக்கு ஒரு தடவை ஒவ்வொன்றின் வெப்பநிலையையும் வாங்கிப் பார்த்து, இரண்டிலிருந்து எட்டு டிகிரிக்குள் இல்லையென்றால் மணி அடிக்கிற ப்ரோக்ராம், ஒன்பது வருஷமாக ஒரு நாள் படுத்ததில்லை, அதை இந்த மொழியில் புதிதாக எழுத வேண்டுமாம். பதினோரு மணிக்குக் கூட்டம். வேண்டும் அல்லது வேண்டாம் என்று ஒரே ஒரு வார்த்தை அவள் சொல்ல வேண்டும், வேண்டாம் என்றால் மேலாளர் பண்டிதரின் ஒப்பந்தத்தை நீட்ட மாட்டார், மேலாளரே அவளிடம் அப்படித்தான் சொன்னார். கடிதத்தை நேற்றே அடித்து வைத்துவிட்டாள், ‘நடைமுறைக்கு உதவாது’ என்று. ஆனாலும் நியாயமாக நடந்துகொண்டதாக இருக்கட்டுமே என்று தன் ப்ரோக்ராமின் நடுவிலிருந்து ஒரு துண்டை எடுத்து அந்த மொழியிலேயே எழுதிப் பார்த்தாள்… எழுத முடியாமல் என்ன, அவளுக்கா தெரியாது?

கம்பைலரின் பதில் வந்துவிட்டது. சிவப்பாக, முழ நீளத்துக்கு. முப்பத்தொன்றாவது வரி, பெட்டியிலிருந்து வெப்பநிலை அளவு வந்தால் என்ன செய்வது என்று சொல்லியிருக்கிறாய், வராவிட்டால் என்ன செய்வது என்று சொல்லவில்லை, ஆகையால் மாட்டேன். அவ்வளவுதான் விஷயம், அதற்கு இத்தனை நீட்டல். அப்படியே மாமியார். வெளியூர் கிளம்பினால் வாசலில் நின்றுகொண்டு, பஸ் வரலேன்னா, மழை பிடிச்சுக்கிட்டா, சாவி தொலைஞ்சா… எல்லாவற்றுக்கும் பதில் சொன்னால்தான் செருப்பைப் போட விடுவார். வீட்டில் ஒன்று போதாதென்று சம்பளம் கொடுத்து அலுவலகத்திலும் ஒன்று வைத்துக்கொள்ள வேண்டுமா? பின்னால் பண்டிதர் வந்து நின்றது அப்போதுதான் தெரிந்தது. திரையைப் பார்த்தார், கண்ணை மூடினார், திறந்தார். “உங்க பழைய ப்ரோக்ராம்ல அளவு வரலேன்னா என்ன மேடம் ஆகும்?” “வராம இருக்காது.” “சரிங்க மேடம்” என்று போய்விட்டார், அந்தச் சரியில் ஒரு குத்தல் இருந்ததா, இல்லை, குத்தத் தெரிந்த ஆளா அது.

வராமல் இருக்காது. சரி, வராவிட்டால் என்னதான் செய்கிறது, ஒன்பது வருஷத்துக்கு முன்னால் எழுதியது, மறந்தா போகும்… பழைய கோப்பைத் திறந்தாள். அளவு என்று ஒரு இடம், புதியது வந்தால் அதில் போட்டுக்கொள், வராவிட்டால்… வராவிட்டால் ஒன்றுமே எழுதவில்லை. எழுதாவிட்டால் பழையது அப்படியே இருக்கும். போன நிமிடத்து அளவு, அதற்கு முந்தின நிமிடத்து அளவு, பெட்டியிலிருந்து அளவைக் கொண்டுவரும் கம்பி கழன்று ஒரு வாரம் ஆனாலும் அதே அளவு, மணி அடிக்காது.

ஆறு வருஷம் இருக்குமா, கிடங்குக்காரர் ஃபோன் செய்தார், வயசானவர், ஃபோனில் எப்போதும் கத்தித்தான் பேசுவார். “ஏம்மா, பதினேழாம் நம்பர் பெட்டி வெள்ளிக்கிழமைலேருந்து நாலு புள்ளி ரெண்டுன்னே காட்டுதும்மா, அசையவே மாட்டேங்குது.” அவள் என்ன சொன்னாள்? “நாலு புள்ளி ரெண்டு நல்லதுதானேய்யா, அது அசைஞ்சா ஃபோன் பண்ணுங்க.” அவரும் “சரிம்மா” என்று வைத்துவிட்டார், அவள் அதைச் சாப்பாட்டு நேரத்தில் நடித்துக் காட்டி எல்லோரையும் சிரிக்க வைத்தாள், அவர் கத்துவது போலவே கத்தி. அன்றைக்குத் திங்கட்கிழமை. பெட்டி ஒழுங்காகக் குளிர்ந்துகொண்டேகூட இருந்திருக்கலாம், கம்பி மட்டும் போயிருக்கலாம். இருக்கலாம். இல்லாவிட்டால் அந்த மருந்து எந்தெந்த ஊருக்குப் போயிற்று, யார் வீட்டுக் குழந்தைகளின் கையில் ஏறிற்று, ஊசி போட்டாயிற்று என்று எத்தனை தாய்மார் நிம்மதியாக இருந்தார்கள்?

பத்து ஐம்பத்திரண்டு. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு முப்பத்தொன்றாவது வரிக்குக் கீழே இன்னொரு வரி சேர்த்தாள், தன் ப்ரோக்ராம் இத்தனை வருஷமாகச் செய்ததையே, அளவு வராவிட்டால் பழைய அளவையே எடுத்துக்கொள். இந்தத் தடவை மூன்றே விநாடி. சிவப்பு இல்லை, நீட்டல் இல்லை, ஏற்றுக்கொண்டுவிட்டது. எடுத்ததற்கெல்லாம் வாயைத் திறந்தது இதற்குத் திறக்கவில்லை. பதில் ஒன்று இருந்தால் போதும், அது எப்படிப்பட்ட பதில் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது… இவ்வளவுதானா உன் சாமர்த்தியம், இதற்காகவா ஏழு மாதமாக இத்தனை ஆர்ப்பாட்டம்? சந்தோஷம்கூட வந்தது அவளுக்கு. கூட்டத்தில் போட்டுக் காட்டிவிடலாம், எல்லோர் முன்னாலும் பண்டிதரின் மூக்கை உடைத்துவிடலாம், பாருங்கள், இத்தனை பெரிய தப்பை வாயை மூடிக்கொண்டு ஏற்றுக்கொள்கிறது உங்கள் கம்பைலர் என்று… அவள் கை விசைப்பலகை மேல் அப்படியே நின்றுவிட்டது. பெரிய தப்பு. ஆறு வருஷத்தில் அந்த வார்த்தையை இப்போதுதான் ஒருவர் சொல்லியிருக்கிறார், அதுவும் அவளே.