ஏழாவது கலம்

நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதப் பார்க்கிறேன். வரிசையை மாற்றினால் என் பங்கு குறைந்து தெரியும். இரண்டு முறை அப்படித்தான் எழுதிக் கிழித்தேன்.

1974 ஆகஸ்டில், தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடலோரச் சிற்றூரின் கிளைச்சிறையில் நான் தற்காலிக எழுத்தராக இருந்தேன். வயது இருபத்திரண்டு. பகலில் கைதிகளின் பதிவேடு. மாலையில் பஸ் ஏறித் தூத்துக்குடி போய்ச் சுருக்கெழுத்து வகுப்பு. வேலை நிரந்தரமாக வேண்டும் என்ற நினைப்பிலேயே இருந்ததால் பதிவேட்டில் ஒரு கட்டத்தைக்கூட வெறுமையாக விடமாட்டேன். ஆறு மாதத்தில் ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது. அதில் எனக்குப் பெருமை இருந்தது.

அந்த மாதம் ஐந்து பேர் ஒரே வழக்கில் வந்தார்கள். துறைமுக வாசலில் ஒரு கான்டிராக்டரின் ஆட்களோடு கைகலப்பு. ஐவருக்கும் இருபத்தோரு நாள் வெறுங்காவல். வெறுங்காவல் என்றால் அடைத்து வைக்கலாம், வேலை வாங்கக் கூடாது. விதிப் புத்தகத்தில் அந்த வரியை நான் அடிக்கோடிட்டு வைத்திருந்தேன்.

ஐவரும் கப்பலில் சரக்கேற்றும் ஒரே கேங்கைச் சேர்ந்தவர்கள். கேங்கின் மேஸ்திரி, அவர்களில் ஒருவனான இனிகோவின் அப்பா. பதிவின்போது அவர்கள் விளையாட்டாகத்தான் பேசினார்கள். தொழில் என்னவென்று கேட்டதற்கு அம்புரோஸ் என்பவன், "மூட்டை தூக்குதது சார். மூணு வாரத்துக்குத் தூங்குததுன்னு போடுங்க" என்றான். மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கடைசியாக வந்தவன் ஞானையா. முப்பது வயதிருக்கும். கேங்கில், கப்பலில் சரக்கைத் தூக்கி இறக்கும் வின்ச் எந்திரத்தை ஓட்டுபவன். அந்த ஐவரில் கூலி கூடிய வேலை அவனுடையதுதான். பெயர், தந்தை பெயர், வயது, ஊர், தொழில், மதம் என்று ஆறு கலத்தையும் நிரப்பினேன். மதம் கிறிஸ்தவம். ஏழாவது கலம் சாதி. மற்ற நால்வரும் தயங்காமல் சொல்லியிருந்தார்கள்.

"வேதக்காரன்னு எழுதிட்டீங்கல்லா சார்," என்றான் ஞானையா. "அது போதும்."

நான் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தியிருந்தால் ஒருவேளை அவன் எதையாவது சொல்லித் தப்பித்திருப்பான். அவர்கள் உள்ளே போன பிறகு அந்த வெற்றுக் கட்டம் என் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. போலீஸ் அனுப்பிய தாளை எடுத்துப் பார்த்தேன். அவன் அப்பாவின் தொழில் என்ற இடத்தில், கக்கூஸ் வாளி எடுப்பவர் என்று பொருள்படும் ஒற்றைச் சொல் இருந்தது. அதிலிருந்து சாதியை ஊகித்து ஏழாவது கலத்தில் எழுதினேன். யாரும் எழுதச் சொல்லவில்லை. அந்தப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை.

மறுநாள் காலை தலைமை வார்டர் சொரிமுத்து பதிவேட்டைத் திறந்து, ஏழாவது கலத்தின் மேல் மட்டும் விரலை ஓட்டிக்கொண்டு வந்தார். அவர் வேலை பிரிப்பது அப்படித்தான். இந்தச் சாதிக்காரன் சமையலுக்கு, இந்தச் சாதிக்காரன் தண்ணீர் இறைக்க. ஆறு மாதமாக என் கண் முன்னால்தான் அது நடந்தது. அன்றைக்குத்தான் அதைப் பார்த்தேன். எங்கள் சிறையில் எடுப்புக் கக்கூஸ், தினமும் ஆள் வைத்து வாளியில் அள்ள வேண்டும். விரல் ஞானையாவின் பெயருக்கு நேரே நின்றது.

வெறுங்காவல் கைதி ஆயிற்றே, அண்ணாச்சி, என்று மெதுவாகச் சொன்னேன்.

"வேலைன்னு யாரு தம்பி சொன்னா? அவன் வீட்டுப் பழக்கம். நீதான அழகா எழுதி வச்சிருக்க," என்றார் சொரிமுத்து.

ஞானையா மறுத்தான். அன்று பகல் அவனுக்குச் சாப்பாடு வரவில்லை. இரவும் வரவில்லை. அடுத்த நாள் காலை வாளியைத் தூக்கினான். அவன் முற்றத்தைக் கடந்து போவதை மற்ற நால்வரும் கம்பிக்குப் பின்னால் நின்று பார்த்தார்கள்.

ஐவருக்கும் ஒரே கொட்டடி, ஒரே பானை. நாலாம் நாள் காலை எண்ணிக்கை எடுக்கப் போனபோது, பானைக்கு எட்டத்தில் ஒரு பால்மாவு டின் தனியாக இருந்தது. அதில் தண்ணீர். யாருக்கென்று நான் கேட்கவில்லை.

அன்று வாளியோடு என் ஜன்னலருகே வந்து ஞானையா நின்றான். வாளியைக் கீழே வைத்துவிட்டு ஏழெட்டு அடி தள்ளி வந்துதான் பேசினான்.

"எங்கப்பா இதைச் செஞ்சாரு. நான் எட்டு வருசமா வின்ச்சு ஓட்டுதேன். கேங்குல எல்லாருக்கும் ஒரே பானை சார். இது தெரிஞ்சா என்னைச் சேத்துக்க மாட்டாங்க."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"சார் தப்பா எழுதிட்டாருன்னு அவங்ககிட்ட சொல்லி வச்சிருக்கேன். பாதி நம்புதாங்க. யாரும் கேட்டா ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. வாளியை நான் எடுத்துக்கிடுதேன்."

சரி என்றேன். அந்த நேரத்தில் மனப்பூர்வமாகத்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன். இப்போது அதுவும் நிச்சயமாகத் தெரியவில்லை.

பதிவைத் திருத்த வேண்டுமானால் கண்காணிப்பாளரின் சுருக்கொப்பம் வேண்டும். பத்தாம் நாள்தான் எனக்குத் தைரியம் வந்தது. கைதி சொல்லாததை நானாக எழுதிவிட்டேன் என்று சொன்னேன். அவர் போலீஸ் தாளையும் பதிவேட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, சரியாகத்தானே இருக்கிறது, தேடிப் பிடித்து நிரப்பியிருக்கிறாயே, இப்படிப்பட்ட ஆள்தான் நிரந்தரமாக வேண்டும் என்றார். வெளியே வந்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மேசைக்கு வந்து உட்காரும் வரைக்கும் இருந்தது. எழுதக் கூசும் இடம் இதுதான் என்பதால்தான் முதல் இரண்டு முறையும் இதை விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு நான் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. ஞானையா மீதி நாளும் வாளி எடுத்தான்.

விடுதலை நாளன்று கண்காணிப்பாளர் தாமதமாக வந்து கையெழுத்திட்டதால் அவர்கள் வெளியேறும்போது மணி நாலரை. நானும் வகுப்புக்குக் கிளம்பியிருந்தேன். பஸ் வந்தது. பாதி சீட்டு காலி. நால்வரும் ஏறினார்கள். ஞானையா படியில் கால் வைத்ததும் இனிகோ திரும்பினான்.

"ஏலே ஞானையா, நீ அடுத்த வண்டில வா. கூட்டமா இருக்கு."

அவன் குரலில் கோபம் இல்லை. ஞானையா காலை எடுத்துக்கொண்டான். நான் ஏறும்போது என்னைப் பார்த்தான். நான் சொல்லப் போகும் ஒரு வார்த்தையை நம்பித்தான் அவன் அப்படி அமைதியாக நின்றான் என்பது எனக்குத் தெரிந்தது.

பழையகாயல் தாண்டியதும் இனிகோ எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். மற்ற மூவரும் பேச்சை நிறுத்தினார்கள்.

"சார், ஒண்ணு கேக்கணும். அவன் நீங்க தப்பா எழுதிட்டீங்கன்னு சொல்லுதான். மெய்தானா? நான் எங்கய்யாகிட்ட சொல்லணும். நீங்க ஆமான்னா அதோட விட்டிருவேன். அவனை மாதிரி வின்ச்சு ஓட்ட ஆள் கிடையாது."

அவன் ஆமாம் என்ற சொல்லுக்காகவே கேட்டான். எனக்கு அது புரியாமல் இல்லை. ஆனால் நான் தப்பாக எழுதினேன் என்று நாலு பேர் முன்னால் சொல்ல வாய் வரவில்லை. பஸ்ஸில் சிறைப் பக்கத்துக் கடைக்காரர்கள் இருந்தார்கள். பேச்சு சொரிமுத்துவின் காதுக்குப் போகும், அங்கிருந்து கண்காணிப்பாளருக்கு. இதெல்லாம் நான் பிறகு கண்டுபிடித்த காரணங்களாகவும் இருக்கலாம்.

"ரிஜிஸ்டர்ல உள்ளதுதான்," என்றேன்.

உண்மையைத்தானே சொன்னேன் என்று இரண்டு நாள் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அந்தச் சாதிப் பெயர் உண்மையா என்பதே எனக்குத் தெரியாது. ஊகித்துத்தான் எழுதினேன்.

இனிகோ எழுந்து போய் அம்புரோஸிடம், நாளைக்கு வின்ச்சுக்கு வேறு ஆள் பார்க்க வேண்டும் என்று சொன்னது காதில் விழுந்தது. அம்புரோஸ் ஜன்னலுக்கு வெளியே காறித் துப்பினான். அது யாருக்கென்று எனக்குத் தெரியவில்லை.

முள்ளக்காடு வந்தது. இப்போது எழுந்து சொன்னால்கூடப் போதும் என்று நினைத்தேன். துறைமுக விலக்கில் நால்வரும் இறங்கினார்கள். இறங்கும்போது இனிகோ எனக்குக் கைகூப்பி வணக்கம் சொன்னான். நானும் வணக்கம் சொன்னேன்.